ரேஷன் கார்டை எடுத்துவரப் போனவள்

எனக்கு எழுதிப் பழக்கமில்லை. ஐந்தாம் வகுப்போடு நின்றவள். வரி கோணலாகப் போகும், ஒன்றைச் சொல்ல வந்து இன்னொன்றுக்குப் போய்விடுவேன். ஞாபகமும் முன்போல இல்லை. காலையில் கழற்றி வைத்த கண்ணாடியைச் சாயங்காலம் வரை தேடுகிறேன். நாலு பேர் கூடின இடத்தில் வாய் திறக்காதவள் என்று என் வீட்டிலேயே கேலி செய்வார்கள். பேசுவதற்கு இது தேவலை என்றுதான் எழுதுகிறேன். தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆட்களின் பெயர் எதையும் எழுதப்போவதில்லை. எங்கள் விஷயத்தில் பெயரை எழுதினாலும் ஆள் யாரென்று தெரியாது. அதைத்தான் சொல்ல வந்தேன்.

எங்கள் ஊர் மதுரைக்கு மேற்கே, செக்கானூரணியைத் தாண்டி உள்ளே. மழையை நம்பின காடு. எங்கள் பக்கம் பிள்ளை பிறந்தால் பெயர் யோசிக்கிற வேலை கிடையாது. தலைப்பிள்ளை ஆண் என்றால் குலசாமி பெயர். பெண் என்றால் அதே கோயிலில் பக்கத்தில் நிற்கிற அம்மன் பெயர். பங்காளி வீடு அத்தனையிலும் அப்படித்தான். என் அப்பாவுக்குக் குலசாமி பெயர். பங்காளி முறையில் எனக்குப் பெரியப்பாவாகிறவருக்கும் அதே பெயர். அவருடைய மூத்த மகளுக்கும் எனக்கும் அம்மன் பெயர். ஆக, பெயரும் ஒன்று, தகப்பன் பெயரும் ஒன்று, ஊரும் ஒன்று. அந்தப் பெயரைத் தெருவில் நின்று கூப்பிட்டால் பாதித் தெரு என்னவென்று கேட்கும். அதனால் யாரும் கூப்பிடுவதில்லை. அவளைப் பெரியவள் என்பார்கள், என்னைச் சின்னவள் என்பார்கள். சாமி பெயர் பள்ளிக்கூடத்துக்கும் சர்க்காருக்கும் மட்டும்தான்.

இது எழுபதுகளின் கடைசி, அல்லது எண்பது பிறந்த புதிது. எனக்கு அப்போது கல்யாணமாகவில்லை. பெரியவளுக்கு, அதாவது என் அக்காவுக்கு, ஆகி, முடிந்தும் போயிருந்தது. அவளை அவளுடைய அத்தை மகனுக்கே கட்டிக் கொடுத்தார்கள். அவன் மேலூர்ப் பக்கம் கல்குவாரியில் வேலை என்று போய் அங்கேயே குடியிருந்தான். அங்கே இன்னொருத்தியும் இருந்தாள். அக்காவை அடிப்பான். அடிப்பதை அவன் பெரிதாக மறைக்கவும் இல்லை. ஒருநாள் கைப்பிள்ளையோடு அவளை மேலூர் பஸ் ஸ்டாண்டில் விட்டுவிட்டு, "உங்கப்பன் வீட்ல போயி இரு" என்று சொல்லிவிட்டுப் போனவன், அதற்குப் பிறகு எட்டிப் பார்க்கவில்லை. பெண் குழந்தை. அப்போதுதான் நடை பழகியிருந்தது.

பெரியப்பா வீட்டில் அவளை வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. கஞ்சி ஊற்றும்போது மட்டும் பெரியம்மா பெருமூச்சு விடும். அக்காவுக்கு அது போதும், புரிந்துகொள்வாள்.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் ஊருக்கு வந்துபோகிற கிராம சேவிகா அம்மா ஒரு விஷயம் சொன்னார்கள். மதுரையில் தையல் பட்டறை வைத்திருக்கிற முதலாளிகளிடம் பெண்கள் ஒரு வருஷம் தொழில் பழகலாம். பழகுகிறவளுக்கு மாதாமாதம் உதவிப்பணம் உண்டு. முதலாளி கொடுக்க வேண்டியது, அதில் பாதியை அரசாங்கம் முதலாளிக்குத் திருப்பிக் கொடுக்கும். வருஷம் முடிந்து பரீட்சையில் தேறினால் சர்ட்டிபிகேட்டும் ஒரு தையல் மிஷினும் கிடைக்கும்.

மிஷின் என்றதும் அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தது எனக்கு இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது.

"அது நமக்கே நமக்கா மேடம்? திருப்பிக் கொடுக்க வேணாமா?"

"உனக்கேதாம்மா. உம் பேருலதான் தருவாங்க."

அவளுக்குச் சேர்வதற்கான வயது தாண்டியிருந்தது. ஆனால் கணவனால் கைவிடப்பட்டவள் என்று எழுதி வாங்கிக்கொண்டு வந்தால் வயதைத் தளர்த்திக்கொள்வார்கள் என்று அந்த அம்மாவே சொல்லி, கிராம முன்சீப்பிடம் எழுதியும் வாங்கிக் கொடுத்தார்கள். மனுவில் கணவன் பெயரைப் போடவா, தகப்பன் பெயரைப் போடவா என்று கேட்டபோது, அக்கா கொஞ்சமும் யோசிக்கவில்லை.

"எங்கப்பா பேரையே போடுங்க மேடம். அவன் பேரு எதுக்கு எனக்கு முன்னாடி நிக்கணும்?"

நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். சரிதானே என்று எனக்கும் பட்டது. அந்த இடத்தில் அவன் பெயரைப் போட்டிருந்தால் பின்னால் வந்தது எதுவும் வந்திருக்காது.

எனக்குச் சிம்மக்கல்லில் ஒரு பட்டறை கிடைத்தது. அவளுக்கு ஆற்றுக்கு அந்தப்பக்கம் செல்லூரில். காலையில் ஒரே பஸ்ஸில் வருவோம். தூக்குவாளியில் கம்பஞ்சோறு. பிள்ளையைப் பெரியம்மாவிடம் விட்டுவிட்டு வருவதால் பஸ் ஏறி வெகுதூரம் வரை அக்கா பேசமாட்டாள். அப்புறம் பேச ஆரம்பித்தால் மிஷினைப் பற்றித்தான். சிம்மக்கல் சந்து ஒன்றில் அவள் ஒரு அறை பார்த்து வைத்திருந்தாள். வீட்டுக்காரியிடம் பேசியும் வைத்திருந்தாள்.

"மிஷின் போட ஒரு ஓரம், பிள்ள படுக்க ஒரு ஓரம். அம்புட்டுத்தான்டி. ஜன்னல் கூட இருக்கு."

"நீ எங்க படுப்ப?"

"மிஷினுக்கு அடியில படுத்துக்கிறேன், போடி."

கண்டக்டர் அண்ணன் ஒருத்தர், எங்களைத் தினமும் பார்க்கிறவர், "என்னத்தா, ரெண்டு பேரும் ஜெயிலுக்குப் போறாப்ல மூஞ்சிய வச்சிருக்கீங்க" என்று சீண்டுவார். அக்கா, "உங்க பஸ்ஸுல ஏறுனா வேற எப்படிண்ணே இருக்கும்" என்பாள். பஸ்ஸே சிரிக்கும். எனக்கு அப்படிச் சட்டென்று சொல்ல வராது. நான் அவள் முதுகுக்குப் பின்னாலேயே நின்று பழகியவள்.

என் பட்டறையில் உள்பாவாடை, ஜாக்கெட், சின்னப் பிள்ளைகள் கவுன் எல்லாம் தைத்துக் கடைகளுக்குப் போட்டார்கள். முதலாளி சௌராஷ்டிரர். வீட்டின் முன்பக்கமே பட்டறை. அவரும் முதலாளியம்மாவும் அவர்கள் பாஷையில் பேசிக்கொள்வார்கள். எங்களைத் திட்டும்போது மட்டும் தமிழ் வரும். முதல் ரெண்டு மாதம் நான் பாவாடைக்கு நாடா கோர்த்தேன். அப்புறம் ஓரம் மடித்து அடிக்க விட்டார்கள். கஞ்சி போட்ட துணியின் நெடி, மிஷின் எண்ணெய், சாயங்காலமானால் தலைக்கு மேலே பறக்கிற பஞ்சுத் தூசி. எனக்கு அதெல்லாம் பிடித்திருந்தது. பேச வேண்டியதில்லை பாருங்கள். மிஷின் சத்தத்தில் யாரும் என்னிடம் எதுவும் கேட்கமாட்டார்கள்.

அக்காவின் பட்டறை அப்படியில்லை. அங்கே மிஷினைவிடப் பெயர் அதிகம். முதலாளி தன் தங்கச்சி, கொழுந்தியாள் என்று வீட்டுப் பெண்களையெல்லாம் தொழில் பழகுகிறவர்களாக எழுதி, அரசாங்கத்திடம் அவர்களுக்கும் சேர்த்துப் பாதிப் பணம் வாங்கிக்கொண்டிருந்தார். மேலதிகாரி யாராவது பார்க்க வந்தால், காய்கறிக் கடைப் பக்கம் கூலிக்கு நிற்கிற பெண்களைக் கூட்டிவந்து மிஷின் முன்னால் உட்காரவைப்பாராம். "ஒருத்தி ஊசியில நூல் கோர்க்கத் தெரியாம அழுதுட்டாடி" என்று அக்கா சொல்லி நாங்கள் பஸ்ஸில் சிரித்தோம். சிரித்திருக்கக்கூடாத விஷயம். அப்போது தெரியவில்லை.

இந்த மாதிரிப் பட்டறைகள் நிறைய ஆகிப்போனதால்தான் மேலேயிருந்து உத்தரவு வந்தது என்று பின்னால் சொன்னார்கள். புதிதாக வந்த ஆபீசர் ஒருவர், மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் உள்ள எல்லாப் பட்டறைகளின் பெயர்ப் பட்டியலையும் வாங்கி, ஒன்றோடொன்று வைத்துப் பார்க்கச் சொன்னாராம். ஒரே ஆளை ரெண்டு இடத்தில் எழுதியிருக்கிறார்களா, செத்துப்போனவர்களை எழுதியிருக்கிறார்களா என்று. கம்ப்யூட்டர் எல்லாம் கிடையாது. மேசை நிறையத் தாளை விரித்துப் போட்டுக்கொண்டு கிளார்க்குகள் விரலை வைத்துப் பார்த்தார்கள்.

எங்கள் பட்டறைச் சந்தில் ஜீப் வந்து நின்ற அன்று நான் கவுனுக்குக் கை வைத்துக்கொண்டிருந்தேன். ஆபீசருக்கு வயது அதிகமில்லை. மரியாதையாகத்தான் பேசினார். கூட வந்த கிளார்க் சட்டைப்பையில் சிவப்புப் பென்சில் வைத்திருந்தார். ஒவ்வொருத்தியாகக் கூப்பிட்டுப் பெயர், தகப்பன் பெயர், ஊர் கேட்டார்கள். என் முறை வந்து நான் சொன்னதும் கிளார்க் தாளைத் திருப்பி ஆபீசரிடம் காட்டினார்.

"நீ செல்லூர்ப் பட்டறைக்கு என்னிக்கெல்லாம் போவ?" என்று ஆபீசர் கேட்டார்.

"அங்க நான் போனதே இல்லீங்க."

"அங்கயும் உன் பேருல பணம் போகுதே. உன் பேரு, உங்கப்பா பேரு, உங்க ஊரு. எல்லாம் நீதான?"

"அது எங்கக்கா" என்றேன்.

கிளார்க் சிரித்துவிட்டார். "அக்காவுக்கும் தங்கச்சிக்கும் ஒரே பேரா? உங்கப்பாவுக்கு வேற பேரே கிடைக்கலையாம்மா?"

பட்டறையில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் என்ன செய்வதென்று தெரியாமல் சிரித்தேன். பங்காளி வீட்டு அக்கா என்று அப்போதே எடுத்துச் சொல்லியிருப்பேன், ஆனால் அதற்குள் அவர்கள் எழுதி முடித்துவிட்டார்கள்.

அவர்கள் போனதும் முதலாளி மிஷினை எல்லாம் நிறுத்தச் சொன்னார். முதலாளியம்மாவோடு அவர்கள் பாஷையில் வேகவேகமாகப் பேசினார். அப்புறம் என்னிடம் வந்தார்.

"பாப்பா, சர்க்கார் பணத்துல ஒரு பைசா நான் தொட்டதில்ல. நீ வரும்போதே இதைச் சொல்லியிருக்கலாமில்ல?"

"என்னத்தச் சொல்றது முதலாளி? எங்க ஊருல முக்காவாசிப் பேருக்கு இதே பேருதான்."

அவர் சிரிக்கப் போனவர், பாதியில் நிறுத்திவிட்டு உள்ளே போய்விட்டார்.

அடுத்த வாரம் ரெண்டு பட்டறைக்கும் காகிதம் வந்தது. எங்கள் ரெண்டு பேருடைய உதவிப்பணமும் நிறுத்தி வைக்கப்பட்டது. ஒரே ஆள் என்று ஆனால் ரெண்டு பெயரையும் நீக்கிவிட்டு, வாங்கின பணத்தைத் திருப்பிப் பிடிப்பார்கள். பரீட்சைக்கு இன்னும் கொஞ்ச காலம்தான் இருந்தது. பெயர் நீங்கினால் பரீட்சை கிடையாது, மிஷின் கிடையாது. எனக்கு அது ஒரு நஷ்டம், அவ்வளவுதான். கல்யாணம் பேசிக்கொண்டிருந்தார்கள், வீட்டில் சோறு இருந்தது. அக்காவுக்கு அந்த மிஷினை விட்டால் வேறு போக்கிடமே இல்லை.

ரெண்டு பேரும் சேர்ந்தே ஆபீசுக்குப் போனோம். கலெக்டர் ஆபீஸ் பக்கம் ஒரு பழைய கட்டடம். உள்ளே நுழைந்ததும் அக்கா என் கையைப் பிடித்து இழுத்துத் தன் பக்கத்தில் நிறுத்தினாள்.

"பாருங்க சார். இவ ஒருத்தி, நான் ஒருத்தி. ரெண்டு பேரும் நிக்கிறோம்."

ஆபீசர் பேனாவை மூடி வைத்தார். "நிக்கிறது ரெண்டு பேருதாம்மா. அதை யாரு இல்லைன்னா? இந்தத் தாள்ல இருக்கவங்க நீங்கதான்னு எதை வச்சு நான் எழுதுறது? போன மாசம் ஒரு பட்டறைக்குப் போனேன். கூலிக்கு ஆள் பிடிச்சு உக்கார வச்சிருந்தாங்க. உங்க செல்லூர் முதலாளிதான்."

நாங்கள் பஸ்ஸில் சிரித்தது எனக்கு நினைவுக்கு வந்தது.

"கிராமத்துல எழுதிக் கொடுத்த காகிதம் இருக்கே சார்" என்றாள் அக்கா.

"அது கேட்டவங்களுக்கெல்லாம் எழுதிக் கொடுக்கிறதும்மா. ரேஷன் கார்டு கொண்டு வாங்க. ரெண்டு குடும்பம், ரெண்டு கார்டு, ரெண்டுலயும் பேரு இருந்தா முடிஞ்சு போச்சு. எனக்கும் உங்க மேல ஒண்ணும் கோவம் இல்ல."

அவர் சொன்னது நியாயம்தான். என் பெயர் என் அப்பா கார்டில் இருந்தது. அக்காவின் பெயர் பெரியப்பா கார்டில் இல்லை. கல்யாணமான வருஷமே அடித்துவிட்டு மேலூரில் அவன் கார்டில் சேர்த்திருந்தார்கள். அவன் விரட்டிவிட்ட பிறகு இங்கே திரும்பச் சேர்க்க வேண்டுமென்றால் அங்கே நீக்கினதற்கு அத்தாட்சி வேண்டும். அவன் நீக்கவில்லை. அவள் பேருக்கு வருகிற அரிசியும் சீனியும் அவனுக்கு வந்துகொண்டிருந்தது, எதற்கு நீக்கப்போகிறான்? ஆக, அவள் தனி ஆள் என்பதற்கு உலகத்தில் ஒரே அத்தாட்சி அவன் வீட்டில் இருந்தது.

நான் வேண்டாம் என்று சொன்னேன். பஸ்ஸில் வரும்போதுதான் சொன்னேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு வந்தாள்.

"கார்டைக் கேட்டுத்தானடி போறேன், அவன்கூடக் குடும்பம் நடத்தவா போறேன்? கொடுத்தா வாங்கிட்டு வாரேன். கொடுக்கலைன்னா வைஞ்சிட்டு வாரேன்."

"அடிச்சான்னா?"

"புதுசாவா?"

மறுநாள் பிள்ளையைப் பெரியம்மாவிடம் விட்டுவிட்டு மேலூர் பஸ் ஏறினாள். மாற்றுச் சேலை கூட எடுத்துப் போகவில்லை. அன்றைக்கு வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. ஆபீசர் வரச்சொன்ன தேதி வந்தது. நான் என் அப்பாவின் கார்டை முந்தானையில் முடிந்துகொண்டு ஆபீஸ் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தேன். அப்பாவுக்கு வேலை, கூட வரவில்லை. தனியாக ஒரு ஆபீசுக்கு நான் போனது அதுதான் முதல் தடவை.

அக்கா வந்தாள். அவளுக்கு முன்னால் அவன் வந்தான். வெள்ளைச் சட்டை, எண்ணெய் தடவி வாரின தலை. சட்டைப்பையிலிருந்து ரேஷன் கார்டின் முனை வெளியே தெரிந்தது. அக்கா வேறு யாருடைய சேலையையோ கட்டியிருந்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. நடக்கும்போது மட்டும் ஒரு பக்கமாகச் சாய்ந்து நடந்தாள்.

என் பக்கத்தில் வந்து நின்று மெதுவாகச் சொன்னாள். "கையில தரமாட்டேன்னுட்டான்டி. நானே கொண்டாந்து காட்டுறேன்னு வந்துட்டான். காட்டட்டும். காட்டுனதும் நான் ஊருக்கு வந்துருவேன்."

உள்ளே கூப்பிட்டார்கள். ஆபீசர் என் கார்டைப் பார்த்தார். அவன் கார்டைப் பார்த்தார். ரெண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மறுபடியும் பார்த்துவிட்டு, முதல் தடவையாகச் சிரித்தார்.

"அட, நெசமாவே ரெண்டு பேரு. என்னம்மா இப்படிப் பேரு வைக்கிறீங்க?"

கிளார்க்கும் சிரித்தார். எனக்கு அழுகை வந்தது, சந்தோஷத்தில்தான். அக்கா என் கையைப் பிடித்து அழுத்தினாள்.

அப்போதுதான் அவன் முன்னால் வந்து கும்பிட்டான்.

"எம் பொஞ்சாதிதான் சார். சின்னச் சண்ட, கோவிச்சுக்கிட்டு அப்பன் வீட்டுக்குப் போயிருச்சு. இப்ப வந்துருச்சு. நல்லபடியாத்தான் இருக்கோம்."

ஆபீசர் மறுபடியும் தாளை எடுத்தார். வாசித்துக்கொண்டே போனவர் ஒரு இடத்தில் நின்றார்.

"இதுல கணவனால் கைவிடப்பட்டவர்னு இருக்கே. அதுக்குத்தான் வயசத் தளர்த்திச் சேத்திருக்காங்க."

அக்கா, "விட்டுட்டுத்தான் சார் போனான். மேலூர் பஸ் ஸ்டாண்டுல விட்டான்" என்றாள். குரல் சரியாக வந்தது. நடுங்கவில்லை.

"எதுக்கு விடுறேன்? இந்தா கார்டுல பேரு இருக்குல்ல? மாசாமாசம் அரிசி வாங்குறேன்ல?" என்றான் அவன். ஆபீசரைப் பார்த்துச் சொன்னான், அவளைப் பார்க்கவில்லை.

ஆபீசர் கெட்டவர் என்று நான் எழுதமாட்டேன். "ஏம்மா, நீ தனியாத்தான் இருக்கேன்னு காட்ட ஏதாவது இருக்கா? கோர்ட்டு, போலீஸ், ஏதாவது?" என்று கேட்டார். எங்கள் ஊரில் புருஷன் விரட்டியதற்கெல்லாம் யார் கோர்ட்டுக்குப் போனார்கள்? பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அப்பன் வீட்டுக்கு வருவதுதான் அத்தாட்சி. அதை ஊரே பார்த்தது. ஊரை அந்த மேசைக்கு எப்படிக் கொண்டு வருவது?

நானாவது சொல்லியிருக்கலாம். சொன்னேன். "நெசமாவே விட்டுட்டுப் போயிட்டாருங்க" என்று சொன்னேன். என் குரல் அந்த அறையில் எனக்கே கேட்கவில்லை. அவன் திரும்பி என்னைப் பார்த்து, "சின்னப்புள்ள, குடும்ப விஷயத்துல நீ எதுக்கு" என்றான். கிளார்க்கும் ஆமாம் என்பது போலத் தலையசைத்தார்.

முதலில் எங்கள் ரெண்டு பெயருக்கும் எதிரே சிவப்புப் பென்சிலில் எழுதியிருந்ததை நான் பார்த்தேன். ஒரே நபர், இரண்டு இடம் என்று. என் பெயருக்கு எதிரே இருந்ததை அடித்துவிட்டு, சரி என்று போட்டு ஆபீசர் கையெழுத்துப் போட்டார். அக்கா பெயருக்கு எதிரே இருந்ததை அடிக்கவில்லை. அதற்குக் கீழே இன்னொரு வரி எழுதினார்கள். தகுதியில்லை, நீக்கப்படுகிறது என்று வாசித்துச் சொன்னார். முதல் வரியை அடிக்க மறந்தார்களா, அப்புறம் அடித்தார்களா என்று எனக்குத் தெரியாது. தாளை மடித்துக் காகிதக் கட்டுக்குள் வைத்துவிட்டார்கள்.

அந்தப் பக்கத்துப் பஸ் ஸ்டாண்டிலிருந்துதான் அப்போது மேலூர் பஸ் புறப்படும். மாட்டுத்தாவணி ஸ்டாண்டு எல்லாம் வெகுகாலம் கழித்து வந்தது. அவன் வெற்றிலை வாங்கப் போன நேரத்தில் நாங்கள் ரெண்டு பேரும் நிழலில் நின்றோம்.

"இப்படியே நம்ம பஸ்ஸுல ஏறிருவோம்க்கா" என்றேன்.

"ஏறி?"

நான் அவள் கையைப் பிடித்தேன்.

"வாங்குன பணத்த அப்பாகிட்டதான் கேப்பாங்க. இவன் கட்டுறேன்னுருக்கான். நான் அங்க இருந்தா கட்டுறானாம்." ரோட்டையே பார்த்துக்கொண்டு சொன்னாள். அப்புறம், "பட்டறைல ஏங் கத்திரிக்கோல் இருக்கு. சொந்தக் காசுல வாங்குனது. அந்தாளு ஆட்டையப் போட்டுருவான். நீ போயி எடுத்து வச்சுக்க. சிம்மக்கல் வீட்டுக்காரம்மாகிட்ட ரூம யாருக்காச்சும் விடச் சொல்லிரு. பாவம், எனக்காக வச்சிருக்கு."

"பிள்ள?"

அதற்குள் அவன் வந்துவிட்டான். பஸ் கிளம்பும்போது ஜன்னல் வழியாகக் கையைக் காட்டினாள், போ, போ என்று.

நான் பரீட்சையில் தேறினேன். மிஷின் வந்தது. கறுப்பு மிஷின், பூப்போட்ட தகடு. அதை வைத்துத்தான் என் பிள்ளைகளைப் படிக்க வைத்தேன். சர்ட்டிபிகேட்டில் உள்ள பெயரைப் பார்க்கும்போதெல்லாம் அது யாருடையது என்று ஒரு நிமிஷம் தோன்றும். செல்லூர் முதலாளி பணத்தைத் திருப்பிக் கட்டிவிட்டு, பட்டறையைச் சம்சாரம் பெயருக்கு மாற்றி மறுபடியும் நடத்தினார். கத்திரிக்கோலை நான் போய்க் கேட்டபோது அப்படி ஒன்றும் இல்லை என்றார்.

மேலூருக்கு நான் ஒரே ஒரு தடவை போனேன், என் கல்யாணத்துக்குச் சொல்ல. அக்கா குவாரியில் ஜல்லி அள்ளிக்கொண்டிருந்தாள். கல் சில்லு தெறித்து ஒரு கண் வெள்ளையாகியிருந்தது. "இனிமே மிஷின் கெடச்சாலும் ஊசியில நூலு கோர்க்க முடியாதுடி. அந்தக் கூலிக்காரி மாதிரி அழ வேண்டியதுதான்" என்று சொல்லிச் சிரித்தாள். பிள்ளையைப் பற்றிக் கேட்டாள். முடி எம்புட்டு வளர்ந்திருக்கிறது என்று கையை வைத்துக் காட்டச் சொன்னாள். காட்டினேன். கல்யாணத்துக்கு அவள் வரவில்லை. அதற்குப் பின் கொஞ்ச வருஷத்தில் செத்துப்போனாள். வயிற்றுவலி என்று சொன்னார்கள். எங்களுக்குச் சேதி வரும்போதே எடுத்துவிட்டிருந்தார்கள். அதற்கு மேல் எனக்குத் தெரியாததை எழுத மாட்டேன்.

என் தலைப்பிள்ளை பெண். வீட்டுக்காரருடைய குலசாமி கோயிலில் முடி எடுக்கும்போது அங்கேயுள்ள அம்மன் பெயரை வைக்க மாட்டேன் என்று சொன்னேன். வாயே திறக்காதவள் திறந்ததில் பங்காளிகள் எல்லோரும் திகைத்துப் போனார்கள். சாமி குற்றம் என்றார்கள். என் வீட்டுக்காரர் கூட ரெண்டு நாள் பேசவில்லை. வைக்கவில்லை.

அக்காவின் மகள் எங்கள் ஊரிலேயே வளர்ந்தாள். இப்போது அவளுக்கே பேத்தி இருக்கிறது. போன பொங்கலுக்கு வந்திருந்தபோது என்னிடம் கேட்டாள். "சித்தி, எங்கம்மா சர்க்கார் பணத்த ஏமாத்தி மாட்டிக்கிட்டுத்தான் ஓடிப்போச்சாமே? ஊருக்குள்ள சொல்லுவாங்க. இம்புட்டு வருஷமா உங்ககிட்ட கேக்கணும்னு இருந்தேன்."

இத்தனை வருஷமும் அவள் அப்படி நினைத்துக்கொண்டே இருந்திருக்கிறாள். நான் பேச்சில் சொன்னால் பாதி விட்டுப்போகும் என்றுதான் இதை எழுதினேன்.

வருஷம் எழுபத்தொன்பதா எண்பதா, ஆபீஸ் கலெக்டர் ஆபீசுக்கு உள்ளேயா வெளியேயா, அவளுடைய அரிசிக்கு அவன் கடைசி வரை கார்டு காட்டினானா, இதிலெல்லாம் எனக்குச் சந்தேகம் உண்டு. விவரம் தெரிந்தவர்கள் பார்த்துத் திருத்துங்கள். ஒன்றை மட்டும் கட்டாயம் பார்க்கச் சொல்லிக் கேட்டுக்கொள்கிறேன். அந்தப் பழைய காகிதங்களை எங்கேயாவது கட்டி வைத்திருந்தால், எங்கள் ஊர்ப் பெயருக்கு நேரே, செல்லூர்ப் பட்டறைத் தாளில், ஒரே நபர் இரண்டு இடம் என்று சிவப்பில் எழுதியது இன்னும் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அடித்துவிடுங்கள். நாங்கள் ரெண்டு பேர். அன்றைக்கே அந்த ஆபீசர் தன் வாயால் சொன்னார். அடித்தாகிவிட்டது என்று ஒரு வரி எழுதிப் போட்டால், அவள் மகளிடம் நான் வாசித்துக் காட்டிவிடுவேன்.